தேத்தாங்கொட்டை போட்டா தண்ணீர் சுத்தமாகிடுமா? காட்பாடி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது!

குழாயில் தண்ணீர் வரும்போதே டிரம், குடம் என எல்லாவற்றிலும் பிடித்து வைப்பது காட்பாடி பக்கம் பல வீடுகளில் வழக்கம். அது கலங்கலாக வந்தால் பாட்டிமார் சொல்லும் வழி, தேத்தாங்கொட்டை. பானையின் உள்பக்கம் கொட்டையை உரசி, தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தெளிஞ்சிருக்கும். கலித்தொகையிலேயே வரும் பழைய முறை. சரி, அதை அப்படியே குழந்தைக்குக் கொடுக்கலாமா? கூடாது.

என்ன நடக்குது?

கொட்டையிலிருந்து கரையும் புரதமும் பசைப்பொருளும் தூசியைத் திரட்டி அடியில் படிய வைக்கின்றன. முருங்கை விதையும் இப்படித்தான். தூசியோடு கிருமிகளும் ஓரளவு இறங்கும். ஆனா சாகாது.

இதில் கவலைப்பட வேண்டிய ஒன்று கிரிப்டோஸ்போரிடியம். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒட்டுண்ணி. கெட்டியான ஓடு இருப்பதால் குளோரினுக்கும் அசையாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்தது. வேலூரில் சிஎம்சி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதைக் கவனித்து வருகிறார்கள். கேன் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கும் தொற்று குறையவில்லை என்பது அவர்களின் ஒரு ஆய்வு முடிவு. கை, பாத்திரம், கழிப்பறை வழியாகவும் இது பரவும்.

அப்போ என்ன செய்யலாம்?

கொட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் வடித்து, தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் விடுங்க. ஒட்டுண்ணி செத்துவிடும். விதையின் சத்து தண்ணீரில் தங்குவதால் கிருமி மறுபடி வளரலாம். அன்றன்றைக்குக் காய்ச்சி, மூடி வைத்து, மொண்டு குடிக்க நீளக் கைப்பிடிக் கரண்டி போடுங்க. மலம் கழுவிய பிறகும், சோறு ஊட்டும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவணும்.

ஒரு விஷயம்: தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த போர் தண்ணீருக்கு இது எதுவும் உதவாது. காய்ச்சினால் உப்பும் குரோமியமும் போகாது, இன்னும் செறிவுதான் கூடும்.

கசாயம் கொடுக்கலாமா?

கழிச்சலுக்குக் குடசப்பாலைப் பட்டை சித்த மருத்துவத்தில் உண்டுதான். அதற்காகக் கைக்குழந்தைக்கு நாமே காய்ச்சி ஊற்றக் கூடாது. முதல் மருந்து ஓஆர்எஸ் கரைசல், தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க.