கண்கொடையும் நம் ஊரவரும்

தை மாதத்து மிருகசீரிட நாளிலே கண்ணப்ப நாயனார் குருபூசையைப் பத்தியோடு கொண்டாடும் நம்மவர், இறந்தபின் கண்ணைக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் முகஞ் சுளிக்கின்றனர். இப்பிறப்பிற் கண்ணைக் கொடுத்தவன் மறுபிறப்பிற் குருடனாய்ப் பிறப்பான் என்பது அவர் கூறுங் காரணம். இதற்குச் சாத்திரச் சான்று காட்டுவாரை நாம் இதுகாறுங் கண்டிலம். உயிரோடிருக்கையிலேயே அம்பினாற் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பருக்கு இறைவன் அளித்தது குருட்டுப் பிறவியன்று. தன் வலப்பக்கத்தே நிற்கும் பேறு. அன்றியும், உடல் முழுவதையுமே சுடலைத் தீக்கு ஈயும் நாம், அதனோடு வேகப்போகும் கண்ணுக்கு மாத்திரம் அஞ்சுதல் என்ன நியாயமோ அறியோம்.

கண்கொடையிற் பிறருக்குப் பொருத்தப்படுவது முழுக் கண்ணன்று. கடிகாரத்தின் முகத்தைக் கண்ணாடி மூடியிருப்பதுபோலக் கண்ணின் முன்புறத்தை மூடி நிற்கும் தெளிந்த மெல்லிய படலமே அது. தம்பலகாமத்து வயலிலே அறுவடைக் காலத்தில் நெற்கூர் கண்ணிற் படுகின்றது. வைத்தியரிடஞ் செல்லாது பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் விடுகின்றோம். புண் முற்றி ஆறும்போது அப்படலம் வெண்மையாகி ஒளியை மறைத்துவிடுகின்றது. பழுதுற்றதை நீக்கி, இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்த தெளிந்த படலத்தைத் தைத்துவிட்டாற் பார்வை மீளும். அப்படலத்திற் குருதிக் குழாய்கள் இல்லாமையால், ஏனைய உறுப்புக்களைப் போல் உடல் அதனை எளிதில் வெறுத்துத் தள்ளுவதில்லை. 1905ஆம் ஆண்டிலே எடுவார்ட் சிர்ம் என்னும் மருத்துவர் இதனை முதன்முதல் வெற்றியாகச் செய்தார். பார்வை நரம்பு கெட்டவர்க்கு இச்சிகிச்சை உதவாது என்பதையும் மறைத்தல் தகாது.

இலங்கையில் இக்கொடையை மக்கள் இயக்கமாக்கியவர் வைத்தியர் ஹட்சன் சில்வா. 1958ஆம் ஆண்டிலே, மருத்துவ மாணவராயிருந்தபோதே, பத்திரிகையிற் கட்டுரை எழுதிக் கண்ணை இரந்தார். 1960இல் அவர் அன்னையார் காலமானபோது அவ்வம்மையாரின் கண்களும் கொடையாயின. 1961இற் கண்தானச் சங்கம் எழுந்தது. 1964இல் தேர்மொஸ் போத்தலிற் பனிக்கட்டியிட்டுச் சிங்கப்பூருக்குக் கண்கள் கொண்டு செல்லப்பட்டன. பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றன. முன்னாட் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன 1996இல் இறந்தபோது அவர் கொடை யப்பானுக்குச் சென்றது. சிவி மன்னன் கண்ணளித்த சாதகக் கதை பௌத்தரிடையே இதற்குப் பெருந்துணையாயிற்று. கண்ணப்பர் கதையைக் கையில் வைத்திருந்தும் நம் பிரசங்கிமாரிற் பலர் வாய்திறந்திலர்.

கொடுப்போர்க்கு வயது தடையன்று. மூக்குக் கண்ணாடியுந் தடையன்று. ஆனால் உயிர் பிரிந்து நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துள் எடுத்துவிடல் வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்துதல் நன்று. எடுத்தபின் முகம் விகாரப்படுவதில்லை. பந்தலில் இருப்போர் வேற்றுமை காணார்.

கையொப்பமிட்ட பத்திரம் இருந்தாலும் அவ்வேளையில் "ஆம்" என்று சொல்ல வேண்டியவர் வீட்டாரே. எம் அம்மான் ஒருவர், துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்து இளைப்பாறியவர், பத்திரத்தை நிரப்பியதாக எம்மிடம் ஒருமுறை சொன்னார். அவர் இறந்த அன்றிரவு மாமியின் அழுகைக்கு முன்னே அதை எடுத்துச் சொல்ல எமக்கு நா எழவில்லை. எட்டாம் நாள் பெட்டகத்தைத் திறந்தபோது பத்திரம் மேலேயே இருந்தது. மாமி அதை வாசித்துவிட்டு, "தம்பி, அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனா?" என்றார்.

அன்றிலிருந்து மேல்வகுப்பு மாணவர்க்குப் பெரியபுராணம் கற்பிக்கும்போதெல்லாம் கண்ணப்பர் கதை முடிந்ததும் கண்கொடைப் பத்திரமொன்றைக் காட்டி, வீட்டிற் பெற்றோருக்கு முன்னே உரக்க வாசிக்கும்படி கொடுத்தனுப்புகின்றோம். பழைய மாணவர்களுக்கும் அப்பத்திரங்கள் சில வைத்திருக்கின்றோம்.