வீட்டுக்குள் கிரேஃபிஷ் வளர்ப்பு: லாபக் கணக்கு சரிவருமா?

காலியாகக் கிடக்கும் அறையில் நான்கு தொட்டிகளை வைத்து கிரேஃபிஷ் வளர்த்தால் நல்ல வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. பணத்தைப் போடுவதற்கு முன்பு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சிங்கி இறாலைப் போன்ற தோற்றமும் பெரிய கொடுக்குகளும் கொண்ட நன்னீர் உயிரினம் கிரேஃபிஷ். வெப்பமான பகுதிகளில் வளர்க்க ஏற்றது, வடக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 'ரெட்கிளா' இனம். சுமார் ஓராண்டில் 50 முதல் 100 கிராம் வரை வளரும். தாய் இறால் முட்டைகளை வால் அடியிலேயே சுமக்கும். பொரிக்கும் குஞ்சுகள் தாயின் சிறிய வடிவமாகவே இருக்கும். எனவே ஸ்கேம்பி இறாலைப் போல இளம் பருவத்துக்கு உவர்நீர் தேவையில்லை.

தரைப்பரப்பே முக்கியம்

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மீன் தண்ணீர் முழுவதும் நீந்தும். கிரேஃபிஷ் தரையில் ஊர்ந்து வாழும். தொட்டி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கூடுதல் எண்ணிக்கையில் விட முடியாது. மேலும், வளர வளர ஓட்டை உரிக்கும். அப்போது உடல் மென்மையாக இருப்பதால் மற்றவை பிடித்துத் தின்றுவிடும். ஒளிந்துகொள்ள குழாய்த் துண்டுகள், வலைக் கட்டுகள் அவசியம்.

1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அது முழுவதும் தொட்டியாகவே இருப்பதாகக் கொள்வோம். சதுர மீட்டருக்கு 10 வீதம் விட்டால் 930 குஞ்சுகள். அதில் 60 சதவீதம் பிழைத்து, சராசரியாக 70 கிராம் எடை வந்தால் கிடைப்பது சுமார் 39 கிலோ. கிலோ 1,000 ரூபாய்க்கு விற்றால்கூட ஆண்டு வரவு 39 ஆயிரம் ரூபாய்தான்.

200 வாட் காற்றூட்டி ஒன்று இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 1,752 யூனிட் மின்சாரம் ஆகும். தீவனம், குஞ்சு, கூலி, வடிகட்டி ஆகியவை தனி. அடுக்குத் தொட்டிகள் அமைத்தால் பரப்பு கூடும், முதலீடும் கூடும். ஆஸ்திரேலியாவிலேயே வணிக வளர்ப்பு பெரும்பாலும் மண் குளங்களில்தான் நடக்கிறது. அங்கு மட்கிய தாவரங்களும் நுண்ணுயிர்களும் தீவனச் செலவைக் குறைக்கின்றன. உள்ளரங்கத் தொட்டி, குஞ்சு உற்பத்திக்கே அதிகம் பொருந்தும்.

அனுமதி அவசியம்

இந்தியாவில் இயற்கையாக கிரேஃபிஷ் கிடையாது. அயல்நாட்டு நீர்வாழ் இனங்களை மத்திய அரசின் அனுமதியின்றி இறக்குமதி செய்யக் கூடாது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்க கெளுத்தி நம் நீர்நிலைகளில் பரவி, நாட்டு மீன்களுக்குத் தரும் தொல்லையை மறக்க முடியாது. கிரேஃபிஷ் ஈரத் தரையில் நடந்தே தப்பிவிடும்.

குஞ்சு விற்பவர் அனுமதிச் சான்றைக் காட்டாவிட்டால் முன்பணம் கொடுக்க வேண்டாம். இறால் வளர்க்க விரும்புவோர், குளம் இருந்தால் கெண்டை மீன்களுடன் ஸ்கேம்பி வளர்ப்பது குறித்து மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம்.