ஓவன் வேண்டாம்... புளிக்கும் பிளம்ஸ் பழத்தில் சூடான காப்ளர்!

மே மாதம் வந்தால் நீலகிரி மலையிலிருந்து பிளம்ஸ் இறங்கிவிடும். மேட்டுப்பாளையம் தாண்டி காரமடை வரைக்கும் சாலையோரக் கூடைகளில் கருஞ்சிவப்பாகக் குவிந்து கிடக்கும். “ஏனுங்க, புளிக்குமா?” என்று கேட்டால், “புளிக்காதுங்க, ஒண்ணு தின்னு பாருங்க” என்றுதான் எப்போதும் பதில் வரும். வீட்டில் பிள்ளைகள் கடித்ததும்தான் உண்மை தெரியும். தோலும் புளிப்பு, கொட்டையை ஒட்டிய சதையும் புளிப்பு. போதாக்குறைக்கு, மலைக் குளிரில் விளைந்த பழம் கீழே உள்ள வெயிலைத் தாங்காது. இரண்டு மூன்று நாளில் பையின் அடியில் இருப்பவை நசுங்கி, குப்பைக்குப் போய்விடும்.

அந்தப் புளித்த, நெகிழ்ந்த பழம்தான் காப்ளருக்குச் சரியான பழம்!

காப்ளர் என்பது அமெரிக்கக் கிராமத்து வீட்டுப் பலகாரம். அடியில் சர்க்கரை சேர்த்த பழம், மேலே கரண்டியால் அள்ளி வைத்த மாவு, அவ்வளவுதான். அங்கே குடியேறியவர்களுக்கு ஆரம்பத்தில் ஓவன் வசதி இல்லை. கனத்த இரும்புச் சட்டியை நெருப்பில் வைத்து, மூடி மேலும் தணலைக் கொட்டி வேகவைத்தார்கள். நம் ஊர் பிரியாணிக்கு தம் போடுவதும் இதே வேலைதானே? ஆக, வீட்டில் ஓவன் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

அரைக் கிலோ பிளம்ஸைக் கழுவி, நான்காக வெட்டி, கொட்டைகளை எடுத்துவிடுங்கள். அழுகல், பூஞ்சணம் இருந்தால் அந்தப் பழமே வேண்டாம், நசுங்கியது பரவாயில்லை. 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், சிட்டிகை ஏலக்காய்த்தூள் சேர்த்து, அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சாறு லேசாகக் கெட்டிப்பட வேண்டும். புளிப்புப் பழம் அலுமினியத்துக்கு ஆகாது. எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

மேல் மாவுக்கு 125 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு. இதில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 50 கிராம் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, புட்டு மாவு போல ஆக்குங்கள். பிறகு 100 மில்லி பாலை ஊற்றிக் கரண்டியால் நான்கு சுற்று. சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசைந்தால் ரப்பராகிவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

பழம் சூடாக இருக்கும்போதே மாவை அங்கங்கே கரண்டி கரண்டியாக வையுங்கள். நடுவில் இடைவெளி இருந்தால்தான் ஆவி வெளியேறும். குளிர்ந்த பழத்தின் மீது வைத்தால் மாவின் அடிப்பகுதி வேகாமல் கொழகொழவென்று நிற்கும்.

அடிகனமான பழைய பாத்திரத்தில் ஓர் அங்குல உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். அதன் மேல் காப்ளர் பாத்திரத்தை வைத்து, மிதமான தீயில் 45 நிமிடம். இட்லிப் பானை மூடிபோல் குழிந்த மூடி என்றால் நீர் மாவில் சொட்டாமல் ஓரமாக வடிந்துவிடும். மாவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஓரத்தில் பழச்சாறு குமிழ்விட வேண்டும். ஓவன் இருப்பவர்களுக்கு 190 டிகிரியில் 35 நிமிடம் போதும்.

உண்மையைச் சொன்னால், உப்புப் பாத்திரத்தில் மேல்பகுதி பேக்கரிக் கடைபோலச் சிவக்காது. வைப்பதற்கு முன் மாவின் மேல் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை தூவினால் நிறம் ஓரளவு தேறும். ருசியில் குறை இருக்காது.

இறக்கியதும் கால் மணி நேரம் ஆறவிட்டால் சாறு இறுகும். வெதுவெதுப்பாக, மேலே ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம். முகம் சுளித்த பிள்ளைகள் இப்போது பாத்திரத்தைச் சுரண்டுவார்கள். மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சூடாக்கலாம்.

பிளம்ஸ் சீசன் முடிந்துவிட்டதா? பீச், அன்னாசி, கொஞ்சம் புளிப்பான மாம்பழம் எல்லாமே ஆகும். மாம்பழத்துக்குச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள்.