மருந்துச்சீட்டின் முதல் வரி: சோறு

உட்காருங்கள் அக்கா, தே ஆறட்டும். மகள் சில மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்தும் பலனில்லை, எங்கே கொண்டுபோவது என்று கேட்டீர்கள். இடத்தைச் சொல்வது சுலபம். அங்கே போனால் என்ன நடக்கும், போய் வந்த பிறகு வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதுதான் நீளமான பேச்சு.

இது உண்ணல் கோளாறு என்ற நோயாக இருக்கலாம். அதற்கு முக்கியமாக மூன்று முகம் உண்டு. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் மெலிவது அனோரெக்சியா. ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிறகு வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டுவது புலிமியா. ஈடுகட்டாமல், நிறுத்தவும் முடியாமல் சாப்பிட்டுவிட்டு வெட்கப்படுவது மூன்றாவது. பையன்களுக்கும் வரும். உடம்பு பருமனாக இருப்பவருக்கும் வரும். அவர்களைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை.

நம் வீடுகளில் இது பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 'குண்டாகிவிடுவேன்' என்று பயப்படுகிறவருக்குத்தான் அனோரெக்சியா என்று மேலை நாட்டு மருத்துவ நூல்கள் சொல்லிவந்தன. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களில் தன் நோயாளிகளைக் கவனித்தபோது, பலர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வயிறு உப்பலாக இருக்கிறது, பசியே இல்லை என்றுதான் சொன்னார்கள். இந்திய மருத்துவர்களும் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'கண்ணாடி முன்னால் நிற்கிறாளா' என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தவறவிட்டுவிடுவோம். சோறு குறைகிறதா, மாதவிலக்கு நின்றுபோனதா, எப்போதும் குளிர்கிறது என்கிறாளா, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போகிறாளா, இவற்றைப் பாருங்கள்.

அடுத்து எல்லாப் பெற்றோரும் கேட்பது, 'ஏன் இப்படிச் செய்கிறாள்?' பள்ளியில் யாராவது ஏதாவது சொன்னார்களா, காதலா, பரீட்சை பயமா? கேட்கலாம், ஆனால் பிறகு. கால் உடைந்தவனிடம் எப்படி விழுந்தாய் என்று விசாரித்து முடித்த பிறகா கட்டுப் போடுகிறோம்?

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களைத் தேர்ந்தெடுத்து, 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார். போர்முனைக்குப் போக மனச்சாட்சி இடம் தராமல், மாற்றுச் சேவையாக இதற்கு முன்வந்தவர்கள் அவர்கள். மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் சில வாரங்களில் சமையல் புத்தகம் படிக்க ஆரம்பித்தார்கள், சாப்பாட்டை மணிக்கணக்கில் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். உங்கள் மகளின் பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பதில் பாதி பட்டினியின் வேலை. பட்டினியில் கிடக்கும் மூளையோடு எந்த ஆலோசகரும் ஆழமாகப் பேச முடியாது. அதனால் மருந்துச்சீட்டின் முதல் வரி சோறு.

அதற்காக இன்றிரவே தட்டு நிறைய ஊட்டிவிடாதீர்கள். ஜப்பான்காரன் காலத்துப் பட்டினியைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், வயிறார உண்ட பிறகே இறந்தார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென உணவு உள்ளே போனால் இன்சுலின் ஏறி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும், இதயம் தடுமாறும். வாந்தி எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைந்து அதே ஆபத்து. ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனை, நாடித்துடிப்பு, இ.சி.ஜி. மிகவும் பலவீனமாக இருந்தால் வார்டில் வைத்துத்தான் உணவைக் கூட்டுவார்கள்.

அந்தக் கட்டம் தாண்டியதும் வேலை உங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடும். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை சொல்வது இதுதான்: பிள்ளை நோயால் முடிவெடுக்க முடியாமல் இருக்கும் காலத்தில், என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கட்டும். கூடவே உட்கார்ந்து, கத்தாமல், கெஞ்சாமல், முடியும்வரை இருக்கட்டும். எடை தேறியதும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். 1987இல் வந்த அவர்களின் ஆய்வில், சிறு வயதில் தொடங்கி மூன்றாண்டு ஆகாத நோய்க்கு இந்த வழி நன்றாக வேலை செய்தது. பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் நம்மைப்போல் இருப்பவருக்கு இது ஏற்ற வழி என்பேன். நிபுணர் மலைக்கு அந்தப் பக்கம், ஜார்ஜ்டவுனில். ஆனால் தினமும் ஐந்தாறு வேளைச் சாப்பாடு இங்கேதானே நடக்கிறது?

புலிமியாவுக்கும் கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவதற்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பேச்சுச் சிகிச்சை முதன்மை. அடிப்படைப் பாடம் வேளை தவறாமல் சாப்பிடுவது. புலிமியாவுக்கு ஃப்ளுவாக்சிட்டின் மாத்திரை உதவும். அனோரெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரை என்று எதுவும் இல்லை.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். எடை ஏறியதும் வீடு பெருமூச்சு விட்டு, கண்காணிப்பை விட்டுவிடும். உடம்பு முந்திக்கொள்ளும், மனம் பின்னால்தான் வரும்; தேறிய முதல் ஓராண்டில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் யாராவது, "நல்லா உடம்பு வெச்சிட்டியே!" என்பார். அன்பாகத்தான் சொல்கிறார். அன்றிரவே தட்டில் பாதி மிஞ்சும். போகும் முன்பே சொந்தங்களிடம் சொல்லிவையுங்கள்: உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். பள்ளியில் உடற்தகுதிச் சோதனைக்காக எடை பார்ப்பார்கள்; ஆசிரியரிடம் பேசித் தனியாகப் பார்க்கச் சொல்லலாம். வீட்டு எடை இயந்திரம் அலமாரிக்குள் போகட்டும்.

தைப்பூசம் வரும். விரதம் என்ற பெயரில் பட்டினிக்கு ஊரே மரியாதை தரும் காலம் அது. நோய்க்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது. வேண்டுதல் இருந்தால் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். நீரிழிவுக்கு ஊசி போடுகிற பிள்ளையானால் இன்னொன்றையும் கவனியுங்கள்: மெலிவதற்காக இன்சுலினைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. அது சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

சரி, எங்கே போவது? முதலில் அரசாங்கக் கிளினிக். கட்டணம் 1 வெள்ளி. 'சாப்பிடுவதில்லை' என்று மட்டும் சொன்னால் மறுபடி கேஸ்ட்ரிக் மருந்துதான் கிடைக்கும். எத்தனை மாதமாக, எவ்வளவு மெலிந்தாள், மாதவிலக்கு நின்றதா, வாந்தி எடுக்கிறாளா என்று எழுதிக்கொண்டு போங்கள். பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு லெட்டர் கேளுங்கள். அங்கே நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிக்குள் முடியும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ லெட்டருக்குக் காத்திராமல் பாலிக் புலாவ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநல உதவி எண் 15555 இருக்கிறது, அம்மாவும் அழைக்கலாம். எலும்பு தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கூட்டிப்போங்கள், லெட்டர் வாங்காமல் திரும்பாதீர்கள்.