ஸதக்கத்துல் ஜாரியா: கிணறு வெட்டிய பின்

ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார் மறைந்தபோது, அவர் பொருட்டுச் செய்யத்தக்க தர்மங்களுள் மேலானது எது என அவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார். நீர் என்று விடை கிடைத்தது. அவர் ஒரு கிணற்றைத் தோண்டித் தம் தாயாரின் பெயரால் அர்ப்பணித்தார். அபூதாவூத் தொகுப்பில் காணப்படும் இச்செய்தி, இன்று ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் முஸ்லிம் அறநிறுவனங்கள் மேற்கொள்ளும் நீர்ப்பணிகளுக்கு ஊற்றுக்கண்ணாக விளங்குகிறது. இலண்டனிலோ கோலாலம்பூரிலோ துபாயிலோ வாழும் ஒருவர் மறைந்த தம் பெற்றோர் பெயரால் பணம் அனுப்புகிறார். சில மாதங்களில் பெயர்ப்பலகை பொருத்திய அடிபம்பின் நிழற்படம் அவருக்கு வந்து சேர்கிறது. பணம் அனுப்புவதோடு நில்லாமல், விடுமுறையில் தாமே புறப்பட்டுச் சென்று இரண்டு மூன்று வாரங்கள் தொண்டாற்றித் திரும்பும் இளைஞர்களும் மருத்துவர்களும் பெருகி வருகின்றனர்.

இப்பணி போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. எனினும் ‘ஜாரியா’ என்னும் சொல்லுக்கு ஓடிக்கொண்டிருப்பது என்றே பொருள். நிழற்படம் எடுக்கப்பட்ட நாளில் ஓடிய நீர் மூன்றாம் ஆண்டிலும் ஓடுகிறதா, ஓடினாலும் அது குடிக்கத் தக்கதா என்பன இப்பணிக்குள்ளேயே அடங்கிய வினாக்கள். முன்னோர் இவ்வினாக்களை எவ்வளவு நுணுக்கமாக எண்ணினர் என்பதை வக்ஃப் வரலாறு காட்டுகிறது.

உஸ்மானியர் காலக் கெய்ரோவில் தெருமுனைகளில் ‘ஸபீல்’ எனப்படும் பொதுத் தண்ணீர்ச் சாலைகள் இருந்தன. 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா எழுப்பிய ஸபீல் இன்றும் அந்நகரின் முயிஸ் வீதியில் நிற்கிறது. அதன் மேல்மாடத்தில் சிறுவர்கள் குர்ஆன் ஓதக் கற்றனர். காண்போர் அதன் சலவைக்கல் அழகை வியப்பர். ஆனால் இத்தகைய கட்டடங்களுக்கு எழுதப்பட்ட வக்ஃப் ஆவணங்களே கட்டடங்களைவிட வியப்பூட்டுவன. நிலத்தடித் தொட்டியைத் துப்புரவு செய்தல், நைல் நதி நீரைச் சுமந்து வந்து அதனை நிரப்புதல், கயிறு, வாளி, குவளை வாங்குதல், நீர் வழங்கும் பணியாளருக்கு மாத ஊதியம் அளித்தல் என ஒவ்வொன்றுக்கும் கடை வாடகையிலிருந்தோ விளைநில வருவாயிலிருந்தோ பொருள் ஒதுக்கப்பட்டது. ‘முஸம்மிலாத்தி’ எனப்பட்ட அப்பணியாளர் நோயற்றவராகவும் தூய்மை பேணுபவராகவும் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையும் இடம்பெற்றது. கட்டும் செலவோடு காக்கும் செலவையும் சேர்த்தே அவர்கள் தர்மம் எனக் கருதினர்.

இதனினும் சிறப்பான சான்று மக்காவில் உண்டு. ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அமைத்த நீர்க்கால் காலப்போக்கில் பழுதுற்றது. பதினாறாம் நூற்றாண்டில் அதைச் செப்பனிடும் பெருஞ்செலவை உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா ஏற்றார். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்குப் பின்னர் வந்த அந்த அம்மையார் மறுபடி நீரை ஓடச் செய்தார். இருப்பினும் அது இன்றளவும் ‘ஐன் ஸுபைதா’ என்றே வழங்குகிறது. பழுது பார்ப்பவரின் பெயர் பலகையில் ஏறுவதில்லை. பழுது பார்ப்புக்கு நன்கொடை திரட்டுவது இன்றும் கடினமாக இருப்பதற்கு இதுவே காரணமோ என்னவோ!

இக்காலத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் சில மாதங்களுக்குள் மியான்மரின் ராக்கைனிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். உள்ளூர் மக்களே முதலில் உணவும் உடையும் சுமந்து ஓடினர். பின்னர் பல நாடுகளிலிருந்து அறநிறுவனங்களும் தன்னார்வலர்களும் வந்து குவிந்தனர். குட்டுப்பாலோங் குன்றுகளில் மரங்களை அகற்றி எழுந்த குடிசைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான ஆழமற்ற குழாய்க் கிணறுகள் சில வாரங்களிலேயே இறக்கப்பட்டன. அதே விரைவில், அதே நெருக்கத்தில் கழிப்பிடக் குழிகளும் தோண்டப்பட்டன. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே சில எட்டுகளே இருந்த இடங்கள் பல. விளைவு எதிர்பார்க்கத் தக்கதே: பரிசோதிக்கப்பட்ட நீர் மாதிரிகளில் பெரும்பகுதியில் மலக்கிருமிகள் காணப்பட்டன. மிகப் பல கிணறுகள் விரைவிலேயே வற்றின, அல்லது மூடப்பட்டன. 2017 அக்டோபரில் தொடங்கி ஒன்பது லட்சம் தவணை வாய்வழிக் காலரா தடுப்பு மருந்து வழங்கப்பட்டது. பேரளவில் காலரா பரவாமல் தடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கிணறுகளை அமைத்தோர் யாவரும் நல்லெண்ணம் கொண்டவர்களே.

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள ஒரு சொல்லை நினைவுகூர்தல் பொருத்தமாகும். அது ‘ஹரீமுல் பிஃர்’, அதாவது கிணற்றின் காப்பெல்லை. கிணறு வெட்டியவருக்கு அதைச் சுற்றி நாற்பது முழம் உரியது என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. உஸ்மானியச் சட்டத் தொகுப்பாகிய மஜல்லாவும் ஒவ்வொரு திசையிலும் நாற்பது முழம் என்றே வரையறுத்தது. கால்நடைகள் வந்து இளைப்பாறவும், பிறர் அருகில் தோண்டி நீரை ஈர்த்துவிடாதிருக்கவும் ஏற்பட்ட விதி அது. கிருமிகளை எண்ணி எழுந்ததன்று. எனவே நவீனச் சுகாதாரத்தை அதில் ஏற்றிப் படிப்பது மிகையாகும். ஆயினும் கிணறு என்பது குழியோடு முடிந்துவிடுவதில்லை, அதைச் சூழ்ந்த நிலமும் அதன் பகுதியே என்னும் தெளிவு அதில் இருக்கிறது. பேரிடர்க் காலப் பணிகளுக்கென வகுக்கப்பட்ட ‘ஸ்ஃபியர்’ நெறிமுறைகள், நிலத்தடி நீர் மூலத்துக்கும் கழிப்பிடத்துக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் வேண்டும் என்கின்றன. ஒருவருக்கு நாள்தோறும் 15 லிட்டர், ஓர் அடிபம்புக்கு 500 பேருக்கு மிகாமல் என்பனவும் அந்நெறிமுறைகளில் உள்ளவை. தொண்டாற்றச் செல்பவர் பயணப்பையில் முதலில் வைக்கவேண்டியது இந்த எண்களையே என்பேன்.

தெளிந்த நீர் யாவும் தூய நீரன்று என்பதற்கு வங்கதேசமே வேறொரு துயரச் சான்றையும் தருகிறது. குளத்து நீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்குக்கு இரையாவதைத் தடுக்க 1970களிலிருந்து அரசும் யுனிசெஃப் நிறுவனமும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. மக்களும் தம் செலவில் லட்சக்கணக்கில் அமைத்துக்கொண்டனர். அந்நீரில் கிருமி இல்லை. ஆனால் நிலத்தடிப் படிவுகளிலிருந்து கசிந்த ஆர்சனிக் இருந்தது. அதற்கான சோதனை அன்று செய்யப்படவில்லை. 1993இல் அது கண்டறியப்பட்டபோது ஒரு தலைமுறை அதைக் குடித்து வளர்ந்திருந்தது. நச்சுக் கலந்த கிணறுகளுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசப்பட்டன. சுவையிலோ மணத்திலோ நிறத்திலோ ஆர்சனிக்கை அறிய முடியாது. ஆகவே ஆய்வக அறிக்கை இல்லாத கிணற்றைத் திறந்து வைப்பது, நாமறியாத ஒன்றைப் பிறர் வாயில் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

அடிபம்பின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. வறட்சியால் வாடிய மராட்டிய மாநிலத்தின் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் கிறித்தவத் தொண்டு நிலையங்கள் 1960களில் ஊரார்க்கு ஆழ்துளைக் கிணறு அமைத்தன. ஒரு குடும்பத்தின் பயன்பாட்டுக்கென வார்ப்பிரும்பில் செய்யப்பட்ட பம்புகள் ஊர் முழுதும் இறைத்ததால் அடிக்கடி முறிந்தன. அந்நிலையங்களின் பட்டறைகளில் எஃகாலான உறுதியான பம்பு உருவாயிற்று. அதையே அடிப்படையாகக் கொண்டு யுனிசெஃபும் சென்னையில் இருந்த பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றும் 1970களில் ‘இந்தியா மார்க் 2’ பம்பை வடிவமைத்தன. அதன் களச் சோதனை கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடந்தது. பின்னர் அது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சென்று, உலகில் மிகப் பரவலான அடிபம்புகளுள் ஒன்றாயிற்று. சமயப் பணியாளரின் பட்டறையில் பிறந்த கருவியால் எல்லாச் சமயத்தாரும் தாகம் தீர்த்துக்கொள்கின்றனர்.

அத்தகைய உறுதியான பம்புக்கும் வாஷர் தேய்கிறது, குழாய் துருப்பிடிக்கிறது. ஆழத்தில் உள்ள உருளையைப் பழுது பார்க்கக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டியிருந்ததால், ஊராரே எளிதில் கழற்றக்கூடிய மார்க் 3 பின்னர் வடிவமைக்கப்பட்டது. அவ்வளவு செய்தும், சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அடிபம்புகளில் ஏறத்தாழ 36 சதவீதம் இயங்கவில்லை என 2009இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. மூன்றில் ஒன்றுக்கும் மேல்! ஒரு சிறு வாஷர் கிடைக்காமல், அல்லது அதை மாற்றத் தெரிந்தவர் ஊரில் இல்லாமல், எத்தனை பேரின் தாய் தந்தையர் பெயர் தாங்கிய பம்புகள் வறண்டு நிற்கின்றன! அவற்றின் அருகிலேயே புதிய பலகையோடு மற்றொரு கிணறு வெட்டப்படுவதும் உண்டு.

மருத்துவத் தொண்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மருத்துவ அறிவு பெற்றவர் என அறியப்படாத ஒருவர் சிகிச்சை அளித்துத் தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி எனும் கருத்தில் அபூதாவூதிலும் நஸாயீயிலும் ஹதீஸ் உள்ளது. தம் நாட்டில் ஊசி போட உரிமையற்ற மாணவர், கடல் கடந்து சென்றதும் அவ்வுரிமை பெற்றுவிடுவதில்லை. மருந்துகளை அள்ளிச் செல்வதும் இவ்வாறே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் சுமார் 4000 டன் மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி அங்குள்ளோர் அறியாத மொழிகளில் பெயர் எழுதப்பட்டிருந்தது. பயன்படாத மருந்தை அழிக்கும் செலவும் சுமையும் துயருற்ற மக்கள் தலையில் விழுந்தன. ரோஹிங்கியா முகாம்களில் 2017 இறுதியில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, அதை நூலில் மட்டுமே கண்டிருந்த வெளிநாட்டு மருத்துவர்கள் பலர். அனுபவமுடைய உள்நாட்டு மருத்துவரின் கீழிருந்து கற்கும் பணிவு அங்கே தேவைப்பட்டது.

எளிமையான மருந்தே பேருயிர்க் காப்பாக அமைந்த வரலாறும் அந்த மண்ணைச் சார்ந்ததே. 1971 போரின்போது எல்லைப்புற நகரான பன்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் வழியாகவே புகட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழிறங்கியது. பின்னர் 1980 முதல் 1990 வரை ‘பிராக்’ நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் எனக் கற்பித்தனர். கற்பித்த வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவர்களுக்கு ஊதியம் வழங்கப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, அத்தாய்மார் எவ்வளவு சரியாக நினைவில் வைத்துள்ளனர் என்று பார்த்த பின்பே அது கணக்கிடப்பட்டது. திறப்பு விழாவை மட்டும் கணக்கெடுக்கும் நம் அறநிறுவனங்கள் இம்முறையை ஆராயலாம்.

வெளியிலிருந்து செல்லும் முஸ்லிம் தன்னார்வலருக்கே உரிய இடமும் உண்டு. முகாம்களில் பெண்கள் பகலில் கழிப்பிடம் செல்லக் கூசி, நீர் அருந்துவதையே குறைத்துக்கொண்டனர். அவர்களிடம் பேசக்கூடியவர் பெண்களே. தடுப்பு மருந்தின் மீதான ஐயங்களைக் களைய இமாம்களின் சொல் உதவிற்று. ஒரே கிப்லாவை நோக்குவதால் கதவுகள் விரைவில் திறக்கின்றன. திறந்த கதவின் வழியே கேமராவோடு நுழைவதா என்பதை, தர்மத்தைச் சொல்லிக்காட்டிப் பாழாக்காதீர் என எச்சரிக்கும் அல்பகரா அத்தியாயத்தை ஓதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கும் மானம் உண்டு.

குட்டுப்பாலோங்கில் பிற்காலத்தில் ஆழமான கிணறுகளிலிருந்து சூரிய ஆற்றலால் நீர் இறைத்து, குளோரின் கலந்து, குழாய்களில் வழங்கும் அமைப்புகள் ஏற்பட்டன. ரோஹிங்கியா இளைஞர்களே சிறு படி பெற்றுக் குழாய்களைப் பேணுகின்றனர். குளோரின் அளவைச் சோதிக்கின்றனர். குடிசைகளில் சேமித்த நீர் குழாய்முனை நீரைவிட அதிகம் மாசடைவதால், பாத்திரத்தை மூடிவைக்கவும் கழுவவும் வீடுவீடாகச் சொல்கின்றனர். 2025இல் பன்னாட்டு நிதி பெரிதும் சுருங்கியபோது முகாம்களின் பல்வேறு பணிகளும் நெருக்கடிக்குள்ளாயின. குளோரின், வால்வு, படித்தொகை ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். இவற்றில் பெயர்ப்பலகை பொருத்த இடமில்லை. தாயாரின் பெயரால் ஓராண்டுக் குளோரின் செலவை ஏற்க ஒருவர் முன்வந்தால், அதைப் பெற்றுக்கொள்ள நம் அறநிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டமேனும் இருக்கிறதா?