அறிமுகக் குறுமொழியும் சிறப்புப்பாயிரமும்: அமெரிக்கப் புனைவெழுத்தாளர்களின் இணையவழிப் போட்டிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இலக்கிய முகவரைத் தேடும் புதிய நாவலாசிரியர்களுக்காக அமெரிக்காவை மையமாகக் கொண்டு இணையத்தில் நடைபெற்ற ‘பிட்ச்’ போட்டிகளின் அமைப்பை இக்கட்டுரை விளக்குகிறது. நூல் அறிமுகத்தின் உறுப்புகள், அதனைச் சொல்லும் உரிமை ஆகியன பற்றி நன்னூல் பாயிரவியல் கூறுவன இங்கு ஒப்பீட்டுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன. இப்போட்டிகளில் எழுத்தாளர் தாமே சொல்லும் குறுமொழியைக் காட்டிலும் உடன் எழுதுவோர் செய்த அறிமுகமே வலுவுடையதாக இருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பாயிரம், நன்னூல், இலக்கிய முகவர், பிட்ச் வார்ஸ், பிட்மேட், டிவிபிட்

முன்னுரை

ஒரு நூல் வாசகரை அடையுமுன் அந்நூலைப் பற்றிய சில சொற்கள் அவரை அடைந்துவிடுகின்றன. அச்சொற்களை யார் சொல்வது, எவற்றைச் சொல்வது என்னும் வினாக்களுக்குத் தமிழ் இலக்கண மரபு விரிவாக விடை வகுத்துள்ளது. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது பவணந்தியார் கொள்கை. ஆங்கிலப் புனைவெழுத்தாளர்கள் இதே வினாக்களைக் கடந்த பத்தாண்டுகளில் ட்விட்டர் தளத்தில் எதிர்கொண்டனர். அச்சிடப்படாத ஒரு நாவலை ஓரிரு தொடர்களில் முகவருக்கு எடுத்துரைப்பதை அவர்கள் ‘பிட்ச்’ என்பர். தமிழ்த் திரையுலகில் ‘ஒன்லைன்’ என வழங்குவதற்கு இது நெருக்கமானது. இக்கட்டுரையில் அது ‘அறிமுகக் குறுமொழி’ என்றும், சுருக்கம் கருதிச் சில இடங்களில் ‘குறுமொழி’ என்றும் குறிக்கப்படுகிறது.

முகவர் என்னும் வாயில்

எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே முகவர் ஒருவர் நிற்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் ஏ.பி. வாட் என்பவரால் ஒரு தொழிலாக நிலைபெற்றது. இன்று அமெரிக்காவின் பெரும் பதிப்பகங்கள் முகவர் வழியாக வராத நாவல்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. முகவர் தம் ஊதியத்தை எழுத்தாளரின் வருவாயிலிருந்து பங்காகப் பெறுகிறார்; உள்நாட்டு ஒப்பந்தங்களுக்கு 15 விழுக்காடும் அயல்நாட்டு ஒப்பந்தங்களுக்கு 20 விழுக்காடும் இன்றைய வழக்கம். கைப்பிரதியைப் படிப்பதற்கெனக் கட்டணம் கேட்பதை முகவர் சங்கத்தின் நடத்தை நெறி தடுக்கிறது.

இவ்வாயிலைத் தட்டுவதற்குரிய வழக்கமான வழி ஒரு பக்க அளவிலான மடலாகும். நாவலின் தலைப்பு, வகை, சொல்லெண்ணிக்கை, கதையின் தொடக்கச் சிக்கல், எழுத்தாளர் பற்றிய ஓரிரு வரிகள் ஆகியன அதில் இடம்பெறும். முகவர்க்கு வந்து குவியும் மடல்களுக்கு அத்தொழிலார் இட்ட பெயர் ‘ஸ்லஷ்’ குவியல் என்பது. ‘ஸ்லஷ்’ என்றால் பாதி உருகிச் சேறான பனி. வருவோரை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்று. விடை வர மாதங்கள் ஆகலாம். விடை வராமையையே மறுப்பாகக் கொள்க என அறிவிக்கும் முகவர்களும் உளர். இந்த நீண்ட காத்திருப்பைச் சுருக்கும் முயற்சியாகவே இணையப் போட்டிகள் எழுந்தன.

போட்டியின் அமைப்பு

எழுத்தாளர் பிரெண்டா டிரேக் 2012இல் ‘பிட்ச் வார்ஸ்’ என்னும் போட்டியைத் தொடங்கினார். அதனோடு இணைந்து நடந்த ‘பிட்மேட்’ ட்விட்டரில் ஒரு நாள் மட்டும் நிகழ்வது. பின்னாளில் அது ஆண்டுக்கு நான்கு முறை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை நடைபெற்றது. முழுமையாக எழுதித் திருத்தப்பட்ட, வெளிவராத நாவல் ஒன்று கையில் இருத்தல் வேண்டும். ஒரு நாவலுக்கு மூன்று குறுமொழிகள் வரை இடலாம். ஒவ்வொன்றிலும் போட்டியின் ஹேஷ்டேக்கும், நாவலின் வகையையும் வாசகர் வயதையும் காட்டும் குறியீடுகளும் இடம்பெற வேண்டும். 2017 நவம்பரில் ட்விட்டர் தன் எல்லையை 280 குறிகளாக உயர்த்தும் வரை, இவையனைத்தும் 140 குறிகளுக்குள் அடங்க வேண்டியிருந்தது.

ஒரு பதிவை முகவர் விரும்பினால் அதற்கு ‘லைக்’ இடுவார். மடலும் நாவலின் சில பக்கங்களும் அனுப்புக என்பது அதன் பொருள். ஆகவே உடன் போட்டியிடும் எழுத்தாளர்கள் ஒருவர் பதிவுக்கு மற்றொருவர் ‘லைக்’ இடலாகாது. மறுபதிவு செய்து ஆதரவு காட்டலாம். நாள்தோறும் பொருளின்றி இடப்படும் ஒரு குறி அந்தப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மட்டும் முகவர்க்குரிய மொழியாயிற்று. இவ்வழக்கை அறியாத உறவினர் ஒருவர் அன்பால் இடும் ‘லைக்’ எழுத்தாளர்க்கு வீண் நம்பிக்கையைத் தந்துவிடும். எழுத்தாளரிடமே பணம் பெற்று அச்சிடும் நிறுவனங்களும் இக்குறியை இட்டு வலைவிரித்தன. 1998இல் அறிவியல் புனைவெழுத்தாளர் சங்கத்தின் சார்பில் தொடங்கப்பட்ட ‘ரைட்டர் பிவேர்’ போன்ற தன்னார்வ அமைப்புகளின் எச்சரிக்கைகளை, ‘லைக்’ பெற்றோர் முதலில் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

குறுமொழியின் உறுப்புகள்

குறுமொழியின் அமைப்பை விளக்க இக்கட்டுரையாளர் புனைந்த எடுத்துக்காட்டு ஒன்று வருமாறு: ‘கடல் புகுந்து அழிந்துவரும் ஊரில் கல்லறைக் கல் பொறிக்கும் பதினாறு வயதுப் பெண், ஒரு காலையில் தன் பெயர் பொறித்த கல்லைக் காண்கிறாள். மூன்று நாளில் பொறித்தவரைக் கண்டறியாவிடின் அதிலுள்ள தேதி மெய்யாகிவிடும்.’ கதைமாந்தர், அவர் விருப்பம், அதற்குத் தடை, தோற்றால் இழக்கப்போவது ஆகிய நான்கும் இதில் உள்ளன. முடிவு மட்டும் இல்லை.

நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு உறுப்புகளைக் கூறும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர். இவற்றுள் நுதலிய பொருளும் கேட்போரும் குறுமொழியில் தெளிவாக உள்ளன. வாசகர் வயதைக் காட்டும் குறியீடு ‘கேட்போர்’ என்னும் உறுப்பின் மிகக் குறுகிய வடிவமே. ‘பயன்’ இல்லை, அவ்விடத்தில் கதைமாந்தர் இழக்கக்கூடியது எதுவோ அது நிற்கிறது. படித்தால் வாசகர் பெறுவது என்ன என்று பாயிரம் கூற, வென்றாலோ தோற்றாலோ கதைமாந்தர்க்கு நேர்வது என்ன என்று குறுமொழி கூறுகிறது.

‘வழி’ என்னும் உறுப்பு தனியே நோக்கத்தக்கது. ஆங்கில எழுத்தாளர்கள் தம் நாவலை அச்சில் வந்த இரு நூல்களின் கலப்பாகச் சுட்டுவர். ‘ஒப்புநூல்’ எனத்தக்க இதுவும் ஒரு நூல் எந்த முன்னூலைச் சார்ந்து நிற்கிறது என்று சொல்வதேயாகும். ஆயினும் நம் மரபில் வழி எத்துணைப் பழமையுடையதோ அத்துணைப் பெருமை. ஒப்புநூலோ கடந்த சில ஆண்டுகளுக்குள் வந்ததாக இருத்தல் நன்று என்பது அவர்கள் அறிவுரை. அண்மையில் விற்ற நூலே விற்பனைக்குச் சான்றாக முடியும் என்பது காரணம். தால்ஸ்தாயை ஒப்புநூலாகக் காட்டும் புதியவர் தமக்குப் பதிப்புச் சூழல் தெரியாது என்றே காட்டிக்கொள்கிறார்.

முடிவை மறைத்தலும் ஒரு வேறுபாடு. சிலப்பதிகாரப் பதிகம் கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் முன்னதாகவே கூறிவிடுகிறது. கதை தெரிந்தபின் காப்பியத்தில் கேட்போர் இழப்பது ஏதுமில்லை என்னும் துணிவு அதில் உள்ளது. குறுமொழிக்கு அத்துணிவு இயலாது. நிகழ்ச்சியால் அன்றி மொழியாலும் நினைவோட்டத்தாலும் நிற்கும் நாவல்களுக்கு இவ்வடிவம் இடந்தருவது அரிது. இப்போட்டிகள் வழியாகப் புகழ்பெற்ற நூல்கள் பலவும் மிகைபுனைவு, காதல், துப்பறிதல் ஆகிய வகைகளைச் சார்ந்திருப்பது தற்செயல் அன்று எனத் தோன்றுகிறது.

தற்புகழ்ச்சியும் பிறர் கூற்றும்

சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் ஆசிரியர், உடன் கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோர் என்பது நன்னூல் விதி. எத்துணைப் புலமை உடையவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது. இதற்கு நான்கு இடங்களில் விலக்கு உண்டு: அரசவைக்கு எழுதும் ஓலை, தம் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்கும் நிலை, அவையில் வெல்ல வேண்டிய பொழுது, எதிரி பழித்த காலம். பிட்மேட் எழுத்தாளர் முதல் மூன்று நிலைகளிலும் ஒருங்கே நிற்கிறார் எனலாம்.

‘பிட்ச் வார்ஸ்’ இந்நிலையை மாற்ற முயன்றது. இதில் முகவர் முன்னிலையில் தோன்றுவதற்கு முன் ஒரு படி உண்டு. முகவரையோ பதிப்பாளரையோ பெற்றுவிட்ட எழுத்தாளர்களும் பதிப்பாசிரியர்களும் வழிகாட்டிகளாக முன்வருவர். விண்ணப்பித்தோருள் ஒருவரை வழிகாட்டி தேர்ந்து, நாவல் முழுவதையும் படித்துக் குறிப்பெழுதி, ஏறத்தாழ மூன்று மாதம் திருத்தத்திற்குத் துணைநிற்பார். பின்னரே குறுமொழியும் நாவலின் தொடக்கப் பகுதியும் முகவர்களின் பார்வைக்கு வைக்கப்படும். வழிகாட்டிகள் ஊதியம் பெறவில்லை.

இவ்வழிகாட்டிகளை ஆசிரியர் என்பதைவிட ‘உடன் கற்றோர்’ என்பதே பொருந்தும். கெல்லி காரெட் 2014இல் வழிகாட்டப்பெற்றவராக இப்போட்டியில் இருந்தார். 2017இல் ‘ஹாலிவுட் ஹோமிசைட்’ நாவல் வெளிவந்தது. பின்னர்த் தாமே வழிகாட்டியாகவும் அமைந்தார். 2018இல் வெளிவந்த ஹெலன் ஹோவாங்கின் ‘தி கிஸ் கோஷன்ட்’, டோமி அடேயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ ஆகியனவும் இப்போட்டியைக் கடந்து வந்தவை. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் செய்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. புகழ்பெற்ற ஆசானின் சொல்லை நாடாமல், ஓராண்டு முன்னே நடந்தவர் பின்னே வருபவரைக் கைப்பிடித்து அவைக்கு அழைத்துச் செல்லும் முறை அங்கும் இங்கும் ஒன்றே. மூன்று மாத உழைப்பிற்குப் பின் வந்த நாவல் முன்னிருந்த நாவல் அன்று என்பதால், இவ்வறிமுகம் நூலையே திருத்தும் அறிமுகமாயிற்று. குறுமொழியால் மட்டும் இஃது இயலுமா?

ஆக்கியோன் பெயர்

2016இல் முகவர் பெத் ஃபீலன் ‘டிவிபிட்’ என்னும் போட்டியைத் தொடங்கினார். கறுப்பினத்தவர், பிற நிறுத்தப்பட்ட இனத்தவர், மாற்றுப்பாலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் தம் நாவல்களை முன்வைக்க அது வழிசெய்தது. இத்தேவை எவ்வளவு உண்மையானது என்பதற்கு ஆஞ்சி தாமஸ் சான்று. கறுப்பினத்தவர் உயிர் குறித்த போராட்டத்திலிருந்து பிறந்த இளையோர் நாவல் ஏற்கப்படுமா என்று ட்விட்டரில் நடந்த வினா விடை நிகழ்வொன்றில் முகவரிடம் கேட்டார். அவ்வினாவே அவருக்கு முகவரைத் தந்தது. 2017இல் ‘தி ஹேட் யு கிவ்’ வெளிவந்தது. கேட்கும் துணிவே அரிதாக இருந்த வாயில் அது.

டிவிபிட்டில் எட்டு உறுப்புகளுள் ஆக்கியோன் பெயர் முன்னுக்கு வந்தது. தாம் எழுதும் மக்களுள் தாமும் ஒருவர் என்பதைக் காட்ட ‘ஓன்வாய்சஸ்’ என்னும் குறியீட்டை 2015இல் கொரின் டைவிஸ் உருவாக்கியிருந்தார். நாளடைவில் அது விற்பனை முத்திரையாக மாறியது. வெளியிட விரும்பாத அடையாளத்தையும் வெளியிடுமாறு எழுத்தாளரை நெருக்கியது. 2021இல் ‘வி நீட் டைவர்ஸ் புக்ஸ்’ அமைப்பு அக்குறியீட்டைக் கைவிட்டு, எழுத்தாளர் தம்மைக் குறிக்கும் சொற்களையே பயன்படுத்த முடிவுசெய்தது. பாயிரத்தில் ஆக்கியோன் பெயரைச் சொல்வோர் பிறர். தம் பெயரோடு தம் உடலையும் பிறப்பையும் தாமே சான்றாக நிறுத்த வேண்டிய நிலையைத் தமிழ் இலக்கண நூலார் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. தமிழில் தலித் தன்வரலாறுகளும் திருநங்கையர் எழுத்துகளும் ஏற்கப்பட்ட முறையை ஆராய்வோர் இந்நிகழ்ச்சியை அருகில் வைத்து நோக்கலாம்.

போட்டிகளுக்குப் பின்

2022 பிப்ரவரியில் பிட்ச் வார்ஸ் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பிட்மேடும் அதனோடு முடிவுற்றது. ஊதியமற்ற உழைப்பின் மேல் ஆண்டுதோறும் நடந்த அமைப்பு பத்தாண்டு நின்றதே வியப்பு. அவ்வாண்டு அக்டோபரில் ட்விட்டர் கைமாறி, 2023 ஜூலையில் பெயரும் மாறியது. எழுத்தாளர்களும் முகவர்களும் பல தளங்களுக்குச் சிதறினர். முகவர்கள் ஓரிடத்தில் கூடியிருந்ததே அப்போட்டிகளின் அவை. அவை கலைந்தபின் அரங்கேற்றம் ஏது?

இதனை ஆராய விரும்புவோர்க்குத் தரவுச் சிக்கல் ஒன்று உண்டு. கணக்கு மூடப்பட்டால் பதிவும் மறையும். தேர்வுபெறாத குறுமொழிகளைத் தொகுத்து வைப்பார் இலர். எஞ்சியிருப்பவை அச்சான நாவல்களின் நன்றியுரைப் பக்கங்களே. வழிகாட்டியும், கைப்பிரதியை மாற்றிப் படித்துத் திருத்திக்கொண்ட நண்பர்களும், அதே ஆண்டில் தேர்வானோரும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றனர். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையும் அதங்கோட்டாசானும் நமக்குத் தெரியவருவது பனம்பாரனாரின் பாயிரத்தால். அங்கு உடன் கற்றோர் நூலாசிரியரைக் குறித்துவைத்தார். இங்கு நூலாசிரியர் உடன் கற்றோரைக் குறித்துவைக்கிறார். நாவலின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அமைந்த அப்பெயர்ப் பட்டியல்களைத் தொகுப்பது இத்துறை ஆய்வின் முதற்பணியாக அமையும்.