மழைமானியைப் பார்ப்பவருக்கு யார் சம்பளம் கொடுப்பது?

2004 டிசம்பர் 26 காலை முல்லைத்தீவுக் கரையைக் கடல் விழுங்கியபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதன் பின்னரே 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே எச்சரிக்கை இருந்தது. அந்த இடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள்.

அந்நிறுவனத்தின் அளவுகோல் எளிமையானது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும்.

ஆனால் மலைநாட்டில் ஒரு மலைக்குப் பெய்யும் மழை அடுத்த மலைக்குப் பெய்வதில்லை. ஆகவே தோட்டத்திலேயே மழைமானி வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். மின்சாரம் போனாலும் ஒலிக்கும் சைரன், தமிழில் வரும் அறிவித்தல், பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போய்த் தங்க ஓர் இடம் ஆகியவையும் வேண்டும். லயன்களில் நான் அதிகம் கேட்ட கேள்வி, "போகச் சொல்றாங்க, எங்க போறது?" என்பதுதான்.

இதற்கான பணம் எங்கே? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்த சபையே அவர்களுக்கு ஒரு பாதை போட முடியாத நிலை. மீரியபெத்த புதைந்தபோதும் இந்தத் தடை இருந்தது. 2018இல் வந்த திருத்தம்தான் அதை நீக்கியது.

சட்டம் வழிவிட்டால் மட்டும் போதாது, பணமும் ஒதுக்கப்பட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அனர்த்தத்துக்குப் பின் நிவாரணத்துக்குப் பணம் தேடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்கூட்டிச் செலவிடுவதையே காண்பது அரிது.

இது மலையகத்தின் பிரச்சினை மட்டும் என்று வடக்கில் இருப்பவர்கள் ஒதுங்க முடியாது. 1977 வன்முறைக்குப் பின் வன்னிக்கு வந்து, போரையும் எங்களோடு சுமந்த பல குடும்பங்களின் சொந்தங்கள் இன்னும் அந்த மலைகளில்தான் இருக்கிறார்கள்.

பிரதேச சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்போது உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை மூன்று: மழைமானியைப் பார்ப்பவருக்குக் கொடுப்பனவு உண்டா? சைரனைப் பராமரிக்கப் பணம் உண்டா? மக்கள் போய்த் தங்கும் இடம் எது?